தி டூ வாப் பாக்ஸ்: ஒரே பாட்டோட நின்னுபோன குழுக்களுக்காகவே வாங்கலாம்

ரைனோ ரெக்கார்ட்ஸ் 1993-ல போட்ட 'தி டூ வாப் பாக்ஸ்' செட்டைப் பத்திதான் எழுதறேன். நாலு சிடி, மொத்தம் 101 பாட்டு, கூட ஒரு புக்லெட். அமெரிக்காவுல 1940கள் கடைசியில ஆரம்பிச்சு 60கள் தொடக்கம் வரைக்கும் தெருமுனையிலயும் ஸ்கூல் வராந்தாவுலயும் நாலஞ்சு பசங்க சேர்ந்து நின்னு வெறும் குரலை வச்சே பாட்டைக் கட்டினாங்கல்ல, அந்த டூ-வாப் உலகத்துக்குள்ள நுழையணும்னு யார் கேட்டாலும் நான் மொதல்ல கையில கொடுக்கிறது இதைத்தான். நேரா சொல்லிடறேன், வாங்கலாம், ஆனா பெரிய ஹிட்டுக்காக வாங்காதீங்க, அதெல்லாம் எங்க வேணா கிடைக்கும். இந்தப் பெட்டியோட அருமையே வேற. ஒண்ணு ரெண்டு நல்ல ரெக்கார்டு போட்டுட்டு அதுக்கப்புறம் பேச்சே இல்லாமப் போன குழுக்களை, பேரு வாங்கின குழுக்களுக்குப் பக்கத்துலயே, அதே மரியாதையோட உக்கார வச்சிருக்காங்க. சேனல்ஸ், சார்ட்ஸ், வெலூர்ஸ், நட்மெக்ஸ், டயாப்ளோஸ், இவங்கள்லாம் இன்னைக்கு அமெரிக்காவுலயே இந்த இசையைத் தேடித் தேடிக் கேக்கிறவங்களுக்குத்தான் தெரியும், ஆனா பாட்டைப் போட்டுப் பாருங்க, ரெண்டரை நிமிஷம் நகர முடியாது.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லணும். இந்த இசை புதுசுன்னா முன்னாடி நின்னு பாடுறவரை மட்டும் கேட்டுட்டு "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே"ன்னு தோணும், தோணறதுல நியாயமும் இருக்கு, ஏன்னா ஏகப்பட்ட பாட்டு அதே நாலு கார்டுலதான், அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டத்துலதான் சுத்தும், சி, ஏ மைனர், எஃப், ஜி, திரும்பவும் சி. வரிகளும் பெரும்பாலும் அதே காதல், அதே நிலா, அதே கண்ணீர். வித்தியாசம் முழுக்க பின்னாடி நிக்கிறவங்ககிட்டதான் இருக்கு. அடியில பேஸ் குரல்காரர் ஒருத்தர், தாளமும் அவர்தான் அடித்தளமும் அவர்தான், நடுவுல ரெண்டு பேர் ஊன்னும் ஆன்னும் கார்டைப் புடிச்சு நிப்பாங்க, மேல ஒருத்தர் ஃபால்செட்டோவுல, அதாவது ஆம்பளைக் குரலை உச்சத்துக்குக் கொண்டுபோய் மெல்லிசாக்கி, எல்லாருக்கும் மேல தனியா ஒரு கோடு போட்டுக்கிட்டே போவார். வாத்தியம் வாங்க வசதியில்லாத பசங்கதான் நிறைய பேர், எதிரொலி நல்லா வர்ற இடமாத் தேடி மாடிப்படி, சப்வே ஸ்டேஷன், ஸ்கூல் பாத்ரூம்னு நின்னு பாடிப் பாடியே பழகினவங்க, அந்தப் பழக்கம் ரெக்கார்டுலயும் தெரியும். அதனால ஹெட்போன் போட்டுக்கிட்டு ஒரு தடவை பேஸை மட்டும் புடிச்சுக்கிட்டே போங்க, அடுத்த தடவை மேல கேக்கிற குரலை மட்டும். லீட், அதாவது முன்னாடி நின்னு பாடுறவரைக் கடைசியா கவனிச்சாப் போதும், அவர் எங்கயும் ஓடிப்போக மாட்டார்.

மொதல் சிடிதான் என்னோட ஃபேவரிட். பால்டிமோர்ல இருந்து வந்த ஓரியோல்ஸ் 1948-ல பாடின 'இட்ஸ் டூ சூன் டு நோ'லதான் ஆரம்பிக்குது, வேற எங்கயும் ஆரம்பிக்க முடியாது, இந்த வகை இசையே அந்தப் பாட்டுலதான் உருவாச்சுன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. இதை எழுதினது டெபோரா செஸ்லர்னு ஒரு சின்ன வயசுப் பொண்ணு, கடையில சேல்ஸ் வேலை பாத்துக்கிட்டிருந்த யூதப் பொண்ணு, அவங்களேதான் இந்தக் கறுப்பினப் பசங்களுக்கு மேனேஜரும். நிறவெறி அவ்வளவு கெட்டியா இருந்த ஊர்ல, அந்தக் காலத்துல இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. சன்னி டில் பாடும்போது குரலை உயர்த்தவே மாட்டார், பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி பாடுவார், நடுவுல ஜார்ஜ் நெல்சன் கனமான குரல்ல உள்ள வந்து ஒரு பகுதியை மட்டும் பாடிட்டுப் போயிடுவார், அந்த ஒரு மாற்றம்தான் பாட்டைத் தூக்கி நிறுத்துது. ஓரியோல்ஸும் ரேவன்ஸும் ஜெயிச்சதும் பறவைப் பேரா வரிசையா வந்துச்சு, லார்க்ஸ், ஸ்வாலோஸ், கார்டினல்ஸ், குரோஸ், பெங்குவின்ஸ், ஃபிளமிங்கோஸ்னு. கொஞ்ச நாள் கழிச்சு கேடிலாக்ஸ், இம்பாலாஸ், எட்செல்ஸ்னு கார் பேரு வைக்க ஆரம்பிச்சாங்க.

ஃபிளமிங்கோஸ்னதும் எல்லாரும் 1959-ல வந்த 'ஐ ஒன்லி ஹேவ் ஐஸ் ஃபார் யூ'வைத்தான் சொல்லுவாங்க, அது நல்ல பாட்டுதான், மறுக்கல. ஆனா இந்தப் பெட்டியில 1953-ல சிகாகோவுல சான்ஸ் ரெக்கார்ட்ஸுக்குப் பாடின 'கோல்டன் டியர்டிராப்ஸ்' இருக்கு பாருங்க, எனக்கு இந்த 101-ல ஒண்ணே ஒண்ணுதான்னு சொன்னா இதைத்தான் எடுப்பேன். இவங்க கறுப்பின யூத சபை ஒண்ணுல பாடி வளர்ந்தவங்க, சீக் கேரி, ஜேக் கேரின்னு பெரியப்பா சித்தப்பா பசங்க ரெண்டு பேரு குழுவுக்கு முதுகெலும்பு. அந்த சபைப் பாட்டோட சோக சாயல் இவங்க ஹார்மனியில ஊறிக்கிடக்கு, மத்த குழுக்கள்கிட்ட இது கிடையாது. பாட்டு எப்படித் தொடங்குது பாருங்க, இனிமே தப்பு பண்ண மாட்டேன்னு கடவுள் மேல சத்தியம் பண்ற வரி, அதைத் தனியா ஒருத்தர் பாடல, எல்லாரும் சேர்ந்து மெதுவா, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு கார்டா மாத்திக்கிட்டே இறங்கி வர்றாங்க. அதுக்கு மேல ஜானி கார்ட்டரோட ஃபால்செட்டோ, வார்த்தையே இல்லாம, அழுகையுமில்லாம பாட்டுமில்லாம நடுவுல ஒண்ணு. அப்புறம்தான் சோலி மெக்எல்ராய் கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறார். அந்த ஆரம்பத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கேன், அஞ்சு குரலையும் தனித்தனியா பிரிச்சுக் கேக்க இன்னும் முழுசா வரல, அவ்வளவு நெருக்கமா பின்னி வச்சிருக்காங்க.

அதே சிடியில டெட்ராய்ட் நோலன் ஸ்ட்ராங்கும் டயாப்ளோஸும் 1954-ல பாடின 'தி விண்ட்'. ஃபார்ச்சூன் ரெக்கார்ட்ஸ்னு ஜாக் பிரவுன், டெவோரா பிரவுன்னு புருஷன் பொண்டாட்டி நடத்தின குட்டிக் கம்பெனி, அங்க ரெக்கார்டான பாட்டு. பின்னாடி பாடுறவங்க காத்து அடிக்கிற மாதிரி குரலை இழுத்துக்கிட்டே இருப்பாங்க, நோலன் ஸ்ட்ராங் அதுக்கு மேல ரொம்ப உசந்த டெனர்ல, ஒரு இடத்துல கூட அழுத்தாம பாடிட்டுப் போவார். மிராக்கிள்ஸ் குழுவோட பாடகர் ஸ்மோக்கி ராபின்சன் தன்னைப் பாதிச்சவங்கள்ல இவரைச் சொல்லியிருக்கார், 'தி விண்ட்' கேட்டுட்டு மிராக்கிள்ஸ் கேட்டா அது ஏன்னு உங்களுக்கே புரியும். மோட்டவுன்ங்கிற பெரிய ரெக்கார்டு கம்பெனி வர்றதுக்கு முன்னாடியே டெட்ராய்ட்ல இப்படி ஒரு குரல் இருந்திருக்கு, நாடு முழுக்கப் பெரிய ஹிட்டுன்னு ஒண்ணு கூட இல்லாம 1977-ல 43 வயசுல போயிட்டார். ஹார்ப்டோன்ஸ் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1953-ல வந்த 'எ சண்டே கைண்ட் ஆஃப் லவ்' நியூயார்க்ல இருக்கிற ஹார்மனி ரசிகர்களுக்குக் கோயில் பாட்டு மாதிரி, ஆனா தேசிய ஹிட் பட்டியல்ல ஏறவே இல்ல. ரவுல் சீட்டா அமைச்ச ஹார்மனி, வில்லி வின்ஃபீல்டோட வழுக்கிக்கிட்டு போற குரல். பட்டியல்ல ஏறாத பாட்டை உள்ள சேர்க்கிற மனசு தொகுத்தவங்களுக்கு இருந்திருக்கு, எனக்கு இந்த செட்டுல ரொம்பப் பிடிச்ச விஷயம் அதுதான்.

காசு விஷயம் இந்த இசையில ஒரு பெரிய காயம். கார்ட்ஸ்னு பிராங்க்ஸ்ல மோரிஸ் ஹைஸ்கூல் பசங்க 1954-ல 'ஷ்-பூம்' பாடினாங்க, அதுவே பெரிய வெற்றிதான், ஆனா கனடாவுல இருந்து வந்த குரூ கட்ஸ்னு வெள்ளைக்காரப் பசங்க அதே பாட்டைக் கொஞ்சம் சுத்தபத்தமா பாடி முதலிடத்தைப் புடிச்சுட்டாங்க. அதோட விட்டுதா, கார்ட்ஸ்ங்கிற பேரு ஏற்கெனவே வேற ஒரு குழுவுக்கு இருந்ததால இவங்க பேரையும் மாத்திக்க வேண்டியதாப் போச்சு. ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க, கார்ட்ஸ் பாட்டுல குரல்கள் ஒண்ணோட ஒண்ணு விளையாடும், சாக்ஸஃபோனும் சேர்ந்து குதிக்கும், இன்னொண்ணு வரிசையா நிக்க வச்சுப் பாடின மாதிரி இருக்கும். ரேடியோக்காரங்க பாட்டை எழுதினவங்க பேர்ல கூட பங்கு கேட்டாங்க, மூன்குளோஸோட 'சின்சியர்லி'யில எழுதினவங்க லிஸ்ட்ல ரேடியோவுல பாட்டு போடற ஆலன் ஃப்ரீட் பேரும் இருக்கும் பாருங்க. ரேடியோவுல ஓடணுமா, பேரைச் சேரு, அதுதான் அன்னைக்கு வழக்கம். பதினேழு பதினெட்டு வயசுப் பசங்க, கையெழுத்துப் போடற பேப்பர்ல என்ன இருக்குன்னு சொல்ல ஆள் கிடையாது. இந்தப் பாட்டையெல்லாம் கேக்கும்போது இது ஞாபகத்துல இருக்கணும்னு நினைக்கிறேன்.

ரெண்டாவது சிடிக்கு வர்றேன். ஃபைவ் சாட்டின்ஸோட 'இன் த ஸ்டில் ஆஃப் த நைட்' எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுதான், ஆனா அது எங்க பதிவாச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு கேட்டா வேற மாதிரி கேக்கும். 1956, கனெக்டிகட்ல நியூ ஹேவன், செயின்ட் பெர்னடெட் சர்ச்சோட அடித்தளம். ஸ்டுடியோ கிடையாது. சாக்ஸ் வாசிச்ச வின்னி மசெட்டாவுக்கு அந்த சர்ச்சுல பழக்கம் இருந்ததால இடம் கிடைச்சுது. எழுதிப் பாடின ஃப்ரெட் பேரிஸ் ராணுவத்துல இருந்தார், ராத்திரி காவல் நிக்கும்போது எழுதின பாட்டு. பின்னாடி அந்த "ஷூ டூ ஷூபி டூ"வை கவனிங்க, சுத்தமா வழவழன்னு இருக்காது, ஒருத்தர் குரல் லேசா முன்னாடி வரும், ஒருத்தர் லேசா பின்தங்குவார், அந்தக் கீழ் அறையோட சுவர்ல பட்டுத் திரும்பற சத்தம் எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துடும். நல்ல ஸ்டுடியோவுல பாடியிருந்தா இவ்வளவு உயிர் வந்திருக்காதுன்னு அடிச்சுச் சொல்வேன். பாட்டு ஓட ஆரம்பிச்சப்ப பேரிஸை ஜப்பானுக்கு அனுப்பிட்டாங்க, அதனாலதான் அவங்களோட அடுத்த ஹிட் 'டு தி ஐல்'ல லீட் பாடறது பில் பேக்கர். அதே நியூ ஹேவன்ல இருந்து வந்தவங்கதான் நட்மெக்ஸ், 1955-ல 'ஸ்டோரி அன்டோல்ட்', லீராய் கிரிஃபின் ஒவ்வொரு வரியோட கடைசியையும் வளைச்சு வளைச்சு இழுக்கிறதைக் கேளுங்க, நம்ம காதுக்கு அது ரொம்பவே பிடிக்கும், கமகம் கேட்டுப் பழகின காது இல்லையா.

இந்த சிடியில உண்மையான புதையல்னா சேனல்ஸோட 'தி க்ளோசர் யூ ஆர்', 1956. இதுல என்ன விசேஷம்னா, வழக்கமா ஒருத்தர் முன்னாடி பாட, மத்தவங்க பின்னாடி ஊ ஆ போடுவாங்க, இங்க அதைத் தலைகீழா மாத்திட்டாங்க. பாட்டோட வரிகளை நாலு பேரு சேர்ந்து கார்டுலயே பாடிக்கிட்டுப் போறாங்க, லீட் பாட வேண்டிய எர்ல் லூயிஸ் அவங்களுக்கு மேல ஃபால்செட்டோவுல மிதந்துக்கிட்டே இருக்கார், ஒரு இடத்துல மட்டும் கீழ இறங்கி வந்து தனியா பாடிட்டுத் திரும்ப ஏறிடறார். பாட்டை எழுதினதும் அவர்தான். வெளியிட்டது பாபி ராபின்சன், ஹார்லெம் 125-வது தெருவுல 1946-லேர்ந்து ரெக்கார்டு கடை வச்சிருந்தவர், அப்பல்லோ தியேட்டர் பக்கத்துலயே. கடை வாசல்லயும் தெருவுலயும் பாடற பசங்களைக் கேட்டு, பிடிச்சா ரெக்கார்டு போட்டுடுவார். இதே மனுஷன்தான் பின்னாடி பாடகி கிளாடிஸ் நைட்டையும் ரெக்கார்டு பண்ணார், 1979-ல கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழுவையும் பண்ணார், டூ-வாப்பையும் ஹிப் ஹாப்பையும் ஒரே கை தொட்டிருக்குன்னா பாருங்க. பாபியோட கூடப்பொறந்த டேனி ராபின்சன் எவர்லாஸ்ட்னு தனியா ஒரு லேபிள், அதாவது ரெக்கார்டு கம்பெனி வச்சு 1957-ல சார்ட்ஸ் குழுவோட 'டெசிரி'யை வெளியிட்டார், அதுவும் ஹார்லெம் பசங்கதான், ரொம்ப மெதுவா, கனவுல நடக்கிற மாதிரி நகரும், ஜோ கிரியரோட குரல் உடைஞ்சுடுமோன்னு பயந்துக்கிட்டே கேப்போம், உடையாது.

புரூக்ளின் வெலூர்ஸோட 'கேன் ஐ கம் ஓவர் டுநைட்'டையும் விட்டுடாதீங்க, பேஸ் பாடுறவங்க எல்லாரும் மதிக்கிற பாட்டு. சும்மா "பம் பம்"னு தாளம் போடற வேலையில்ல, லீடுக்கு இணையா தனி ராகமாவே ஓடிக்கிட்டிருக்கும், பாடிப் பாத்தாத்தான் அது எவ்வளவு கஷ்டம்னு தெரியும். பொண்ணுங்க குழுன்னா சாண்டெல்ஸ். பிராங்க்ஸ்ல செயின்ட் அந்தோணி கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைங்க, சர்ச் பாடகர் குழுவுல பாடிப் பழகினவங்க. 'மேபி' ரெக்கார்டு பண்ணப்ப ஆர்லின் ஸ்மித்துக்கு 16 வயசு. அந்தக் குரல்ல இருக்கிற தவிப்பு முப்பது வயசுக்காரங்களுக்கே வராது.

மூணாவது சிடி பத்தி ரொம்ப எழுத வேண்டாம். கேக்க நல்லாயிருக்கும், ஸ்டுடியோ வேலையெல்லாம் மெருகேறியிருக்கும், வயலின் எல்லாம் வந்துடும், ஆனா மொதல் ரெண்டுல இருக்கிற கரடுமுரடு குறைஞ்சுடுது. ஒரு சுவாரஸ்யம் மட்டும் சொல்றேன், ஷீல்ட்ஸோட 'யூ சீட்டட்', 1958. அது டெக்சாஸ் ஆஸ்டின்ல ஸ்லேட்ஸ்னு வெள்ளைக்காரப் பசங்க பாடினது, அதைக் கேட்டு லாஸ் ஏஞ்சலிஸ்ல கறுப்பினப் பாடகர்கள் சில பேரைச் சேர்த்து ஸ்டுடியோவுலயே ஒரு குழுவை உருவாக்கிப் பாட வச்சாங்க, அது ஒரிஜினலைத் தாண்டிப் போச்சு. 'ஷ்-பூம்' கதை அப்படியே திரும்பி ஓடின மாதிரி. ஃபிராங்கி எர்வின் லீட், மேல கேக்கிற ஃபால்செட்டோ ஜெஸ்ஸி பெல்வின்.

நாலாவது சிடிதான் எனக்குக் கொஞ்சம் குறை. 60கள்ல நியூயார்க் இத்தாலியப் பசங்க இந்த இசையைத் திரும்பக் கையில எடுத்தாங்க, அந்தக் கதை இதுல வருது, அதுல நல்லதும் இருக்கு, ஆனா அப்புறம் 80கள் வரைக்கும் இழுத்துக்கிட்டு போறதுக்குப் பதிலா 50கள்ல தெரியாமப் போன இன்னும் பத்துப் பதினஞ்சு குழுவைச் சேர்த்திருக்கலாம். இருந்தாலும் கேப்ரிஸுக்காக இந்த சிடியை மன்னிச்சுடலாம். குயின்ஸ் ஏரியாப் பசங்க, 'தேர்ஸ் எ மூன் அவுட் டுநைட்' பாடி ஒரு குட்டி லேபிள் வெளியிட்டுச்சு, யாரும் கண்டுக்கல, குழுவும் கலைஞ்சு போச்சு. நியூயார்க்ல டைம்ஸ் ஸ்கொயர் சப்வேக்குள்ள டைம்ஸ் ஸ்கொயர் ரெக்கார்ட்ஸ்னு ஒரு கடை இருந்துச்சு, பழைய ஹார்மனி ரெக்கார்டுக்காகவே கூட்டம் வர்ற கடை, அங்க இந்தப் பாட்டைக் கேட்டுட்டு ஜனங்க ரெக்கார்டு வேணும்னு கேக்க ஆரம்பிக்கவும், அங்க வேலை பாத்த ஜெர்ரி கிரீன் அதைத் திரும்ப வெளியிட்டார், அப்புறம் ஓல்ட் டவுன் கம்பெனி வாங்கிப் போட்டு 1961-ல தேசியப் பட்டியல்ல 3-வது இடம் வரைக்கும் போச்சு. கலைஞ்சு போன குழு திரும்ப ஒண்ணு சேர வேண்டியதாச்சு. பாட்டோட முடிவுல ஒவ்வொருத்தரா ஏறிக்கிட்டே போய் கடைசியா உச்சத்துல நிப்பாங்க, அதைக் கேட்டா கடைக்கு வந்தவங்க ஏன் விடலன்னு புரியும். இதே குழு 1982-ல பாடின 'மோர்ஸ் கோட் ஆஃப் லவ்'வும் இருக்கு, இருபது வருஷம் கழிச்சும் குரல் அப்படியே இருக்கு.

சத்தத்தோட தரம் பத்திக் கேப்பீங்க. பெரும்பாலும் மோனோ, குட்டி லேபிள் பாட்டுகள்ல இரைச்சல் இருக்கும், சிலதுல பியானோ தூரத்துல கேக்கும். அதைச் சுத்தம் பண்றேன்னு குரலோட விளிம்பைச் சீவிடாம விட்டிருக்காங்க, எனக்கு அது சரின்னு படுது.

ஸ்ட்ரீமிங்ல இதே பாட்டெல்லாம் இருக்கே, ஏன் சிடின்னு கேட்டா, ஒரு முக்கியமான காரணம் இருக்கு. அங்க இருக்கிற மலிவான ஓல்டீஸ் தொகுப்புகள்ல நிறைய, பின்னாடி வயசானப்புறம் அதே பேர்ல திரும்பப் பாடினது, சில நேரம் ஒரிஜினல் ஆளுங்க ஒருத்தர் மட்டும் இருப்பார். பாட்டு பேரும் குழு பேரும் அதேதான் போட்டிருக்கும். ஸ்டீரியோவா பளிச்சுன்னு கேட்டாலோ, பின்னாடி கீபோர்டு சத்தம் வந்தாலோ சந்தேகப்படுங்க. மொதல் தடவை கேக்கிறவங்க அதைக் கேட்டுட்டு "இவ்வளவுதானா"ன்னு போயிடறாங்க, அது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. இந்தப் பெட்டியில அந்தப் பிரச்சினை கிடையாது.

இது பிடிச்சுப் போச்சுன்னா அதே ரைனோ 1996-லயும் 2000-லயும் போட்ட ரெண்டாவது, மூணாவது பெட்டிகள் இருக்கு, சின்னக் குழுக்கள் அதுல இன்னும் அதிகம், ஆனா மொதல்ல இதைக் கேட்டுட்டுப் போங்க. அதுக்கும் மேல வேணும்னா ஜெர்மனியில பேர் ஃபேமிலி கம்பெனி 'ஸ்ட்ரீட் கார்னர் சிம்ஃபனீஸ்'னு 15 சிடி, 1939-ல ஆரம்பிச்சு 1963 வரைக்கும், 1950-லேர்ந்து வருஷத்துக்கு ஒண்ணா போட்டிருக்காங்க, பில் டால் எழுதின குறிப்புகளோட. ஒவ்வொண்ணா வாங்கலாம். 1953, 1954 ரெண்டையும் மொதல்ல எடுங்க.

ரைனோ பெட்டியை செகண்ட் ஹேண்ட்லதான் தேட வேண்டியிருக்கும். எனக்கு ஒரு விற்பனையாளர் புக்லெட் இல்லாம அனுப்பிட்டார், கேட்டதுக்குப் பதிலே இல்ல, அப்புறம் வேற காப்பி தேடி வாங்கினேன். பாட்டைக் கேட்டுக்கிட்டே யார் எந்த ஊரு, யார் எந்தக் குரல்னு பாக்கறதுக்கு அது கையில இருக்கணும், அதனால ஆர்டர் போடறதுக்கு முன்னாடி நாலு சிடியும் புக்லெட்டும் சேர்ந்து தெரியற மாதிரி ஒரு போட்டோ அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்க.